ஜெபக்கா வீட்டு எழுப்புதல்

மருத்துவமனையின் பின்பக்கத்தில் இருந்த சலவைக்கூடத்தில் விரிப்பு மடிப்பது ஒற்றை ஆள் வேலை இல்லை. உலர்த்தும் இயந்திரத்தின் வட்டக் கதவைத் திறந்ததும் அனல் முகத்தில் அடிக்கும். உள்ளே கையை விட்டு இழுத்தால், ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு மலைப்பாம்பு மாதிரி வரும் விரிப்புகள். ஒன்றை உதறி எடுத்து, ஆளுக்கு இரண்டு முனை பிடித்து, பின்னால் நகர்ந்து சடாரென்று ஓர் இழுப்பு. பிறகு ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வந்து முனையோடு முனை சேர்க்க வேண்டும். எதிரே நிற்பவளின் கை தளர்ந்தால் விரிப்பு ஈரத்தரையில் விழும். மறுபடியும் முதலிலிருந்து துவைக்க வேண்டியதுதான்.

ஜெபக்காவுக்கு எதிரே நிற்பவள் மைனா. ஜெபக்கா என்பது கூடத்தில் வைத்த பெயர். யாருக்குக் காய்ச்சல் என்றாலும், யார் வீட்டில் சண்டை என்றாலும், "நான் ஜெபம் பண்ணிக்கறேன்" என்பாள். சொன்னால் பண்ணிவிடுவாள். மைனாவுக்கு அவளுடைய பெயர் எப்படி வந்தது என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. அவள் வாய் திறந்ததும் தெரிந்துவிடும்.

"என்ன ஜெபக்கா, இன்னைக்கு மூஞ்சியில லைட்டு எரியுது? சம்பளம் கூட்டிட்டாங்களா?"

"போடி. சம்பளம் கூடினாத்தான் சந்தோஷமா? என் பொண்ணு எழுப்புதல் நடத்தறாடி."

"எழுப்புதலா? காலையில கதவைத் தட்டி எழுப்புவாங்களே, அதுவா?"

"அது இல்லடி. எங்க சபையில அப்படிச் சொல்லுவோம். விசுவாசம் குளிர்ந்து போயிருக்கும் பாரு, அதை மறுபடியும் எழுப்பிவிடறது. ஜெபம் பண்ணிப் பண்ணி எழுப்பறது." விரிப்பின் முனையை மைனாவின் கையில் சேர்த்துவிட்டு ஜெபக்கா குரலைத் தாழ்த்தினாள். "தினம் சாயங்காலம் ரூமுக்குள்ள போய் காதுல அந்த மெஷினை மாட்டிக்கிறா. எங்கெங்கேயோ இருக்கிற பிள்ளைங்க. 'அண்ணா விழுந்துட்டாரு, பொறுங்க, நான் எழுப்பறேன், அவரைத் தனியா விட்டுட்டு யாரும் போகாதீங்க'ன்னு ஒரே கதறல். என் காதால கேட்டேன்."

"விழுந்துட்டாருன்னா?"

"பாவத்துல விழறதுடி."

மைனா விரிப்பை இழுப்பதை நிறுத்திவிட்டு யோசித்தாள். "தினமுமா விழறாரு அந்த அண்ணன்? பாத்து நடக்கச் சொல்லக் கூடாதா?"

ஜெபக்கா சிரித்துவிட்டாள். ஆனால் உள்ளே அவளுக்கு நிறைந்திருந்தது. கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தீட்டுகிற மகள், கண்ணாடித் தூள் படிந்த கையோடு வீட்டுக்கு வந்து, அரட்டை கிடையாது, ஊர் சுற்றல் கிடையாது, அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாளே என்று எத்தனை நாள் மனசு அடித்துக்கொண்டிருக்கிறது! அலமாரியில் வரிசையாக அவள் வர்ணம் பூசி வைத்திருக்கும் விரல் உயரப் பொம்மைகள் வேறு. வாள்காரன், வில்காரி, கிழட்டு மந்திரவாதி. நடுவில் கொம்பும் சிறகும் வைத்த ஒன்று. பெருக்கப் போகும்போதெல்லாம் அந்தக் கொம்பனை மட்டும் சுவரைப் பார்க்கத் திருப்பி வைப்பாள் ஜெபக்கா. மறுநாள் அது முன்பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கும். அவள் மறுபடி திருப்புவாள். இதைப் பற்றித் தாயும் மகளும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டது கிடையாது.

"மூலையில நிக்க வச்சிருக்கியே, என்ன தப்பு பண்ணுச்சு அது?" என்று ஒருமுறை கேட்டது மகளின் அப்பாதான். பேருந்து ஓட்டுநர். நாள் முழுக்க ஹாரன் சத்தம் கேட்கிற மனுஷன். வீட்டில் பேசுவதைச் சிக்கனமாக வைத்துக்கொள்வார்.

அப்படிப்பட்ட அறையிலிருந்துதான் எழுப்புதல் என்ற சொல் வந்தது. கதவுக்கு வெளியே, கையில் துடைப்பத்தோடு, ஜெபக்கா கண் கலங்கி நின்றுவிட்டாள். மகளிடம் எதுவும் கேட்கவில்லை. அந்தரங்க ஜெபத்தைக் கேள்வி கேட்டுக் கலைக்கக் கூடாது என்று நினைத்தாள். போதகரிடம் மட்டும் சொன்னாள்.

போதகர் வார நாட்களில் குளிர்பெட்டி பழுது பார்ப்பவர். கையில் எப்போதும் ஒரு திருப்புளி இருக்கும். ஞாயிற்றுக்கிழமை அந்தக் கையில் வேதப்புத்தகம் இருக்கும். நல்ல செய்தி எதைச் சொன்னாலும் உடனே நம்பிவிடுகிற மனுஷர். அந்த ஞாயிறு ஆராதனையில், பாட்டு முடிந்த கையோடு, "நம்ம நடுவுலயே ஒரு மகளை ஆண்டவர் எழுப்பிக்கிட்டு வராரு. நமக்குத்தான் தெரியல" என்று ஆரம்பித்தார்.

மகள் அந்த நேரம் பக்கவாட்டில், திரையில் பாட்டு வரிகளை மாற்றிவிடும் மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். அது அவள் பொறுப்பு. போதகர் அவளைப் பார்த்துக் கையை நீட்டியதும் பின்னால் யாரோ இருக்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தாள். சுவர்தான் இருந்தது.

"கூச்சப்படாதம்மா. நீ நடத்துற எழுப்புதல் ஜெபத்தைப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லு."

"நான் ஜெபம் எதுவும் நடத்தலையே ஐயா."

"அம்மா எல்லாம் சொல்லிட்டாங்க. விழுந்தவங்களை எழுப்பறியாமே?"

அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. முகம் சிவந்து, வெளுத்து, மறுபடி சிவந்தது. 'ஆமாம்' என்று ஒரு வார்த்தை சொல்லி உட்கார்ந்திருந்தால் தீர்ந்தது. ஆனால் பொய் சொல்லக் கூடாது என்று சின்ன வயதிலிருந்து அடித்து வளர்த்தது ஜெபக்காதானே.

"அது கம்ப்யூட்டர் விளையாட்டு ஐயா. அஞ்சாறு பேர் சேர்ந்து விளையாடுவோம். அதுல நான் வைத்தியச்சி. சண்டையில யாராவது விழுந்தா, அவங்களை எழுப்பறது என் வேலை."

பின்வரிசையில் ஒரு சின்னச் சிரிப்பு கிளம்பியது. அது பக்கத்துக்கு ஒட்டிக்கொண்டு, வரிசை வரிசையாகப் பரவி, முன்னால் வந்துவிட்டது. யாரும் கெட்ட எண்ணத்தில் சிரிக்கவில்லை. ஆனால் அந்தச் சிரிப்புக்கு நடுவில் மூப்பர் ஒருவர், தையற்காரர், எழுந்து, "பேய், பிசாசு எல்லாம் வருமே, அந்த மாதிரி விளையாட்டா?" என்று கேட்டுவிட்டார்.

"வரும் ஐயா."

அவள் மேலே ஏதோ சொல்ல வாயெடுத்தாள். கூடம் அதற்குள் முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டது. ஜெபக்கா தன் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தரை பிளந்து தன்னை வாங்கிக்கொள்ளாதா என்றிருந்தது.

அன்று சாயங்காலம் அறைக்குள் பழைய குரல் கேட்டது. "பொறுங்கண்ணா, இதோ வந்துட்டேன், எழுப்பறேன்..." ஜெபக்கா கதவைத் தள்ளிக்கொண்டு போனாள். அதுவரை அவள் அந்தத் திரையைப் பார்த்ததில்லை. ஏதோ குகை, நெருப்பு, கீழே ஒருவன் கேடயத்தோடு விழுந்து கிடக்கிறான், வெள்ளை அங்கி போட்ட ஒருத்தி அவன் பக்கத்தில் மண்டியிட்டிருக்கிறாள். ஜெபக்கா குனிந்து சுவரிலிருந்த வயரைப் பிடுங்கினாள். திரை செத்தது.

மகள் காதிலிருந்து மாட்டியைக் கழற்றி மெதுவாக மேசையில் வைத்தாள்.

"எழுப்பிட்டிருந்தேன்ம்மா."

"எழுப்பின! நல்லா எழுப்பின! சபை முன்னாடி என் மானத்தை எழுப்பி ஏலம் விட்ட! இத்தனை நாளா ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சேனே, என் பொண்ணு ஜெபம் பண்றா, ஜெபம் பண்றான்னு!"

"நான் சொல்லச் சொன்னேனா? என்னை ஒரு வார்த்தை கேட்டியா?"

"என்னத்தைக் கேக்கறது? பேயோட விளையாடறியா, பிசாசோட விளையாடறியான்னா?"

"எதிர்த்து விளையாடறேன்ம்மா. எதிர்த்து."

"இந்த வீட்டுல இது இருக்கக் கூடாது. அவ்வளவுதான்."

மகள் கொஞ்ச நேரம் கருத்த திரையையே பார்த்தாள். "சரி, விளையாடல. ஆனா சபைக்கும் நான் வரல. அங்க எல்லாருக்கும் நான் இனிமே பேய் பிடிச்சவதான். நீயே போய் உன் எழுப்புதலைப் பாத்துக்கோ."

அவள் பேச்சு மாறாதவள். விளையாடவில்லை. அடுத்த ஞாயிறு சபைக்கும் வரவில்லை. திரை மேசையில் வேறு ஒரு பெண் உட்கார்ந்து, பாட்டுக்குப் பாட்டு வரிகளைத் தப்பும் தவறுமாக மாற்றினாள். சாயங்காலம் ரொட்டியும் சூப்பும் சாப்பிட மூவரும் உட்கார்ந்தால் கரண்டிச் சத்தம் மட்டும்தான். அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. சாப்பிடாமல் யாரும் ஜெபத்துக்கு முழங்கால் போடக் கூடாது. "பசிச்ச வயிறு ஆண்டவர்கிட்ட சாப்பாட்டைத்தான் கேக்கும். மத்ததெல்லாம் மறந்துடும்" என்பாள் ஜெபக்கா. "சாப்டியா?" என்று கேட்டு, "ஆச்சு" என்ற பிறகுதான் ஜெபம். இப்போது மகள் சாப்பிட்டதும் தட்டைக் கழுவி வைத்துவிட்டு அறைக்குப் போய்விடுகிறாள். ஜெபத்துக்கு வருவதில்லை. விளக்கும் போடுவதில்லை.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா, அது விளையாட்டுன்னு?" என்று ஜெபக்கா கணவரிடம் கேட்டாள்.

"தெரியும்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ கேக்கல. சந்தோஷமா வேற இருந்த." அவர் சூப்பை ஊதிக் குடித்தார். "அவ சும்மா இருக்கட்டும். அந்த வயரையாவது திருப்பிச் சொருகி வை. வயரு என்ன பாவம் பண்ணுச்சு?"

வேலை முடிந்து வரும் வழியில் ஜெபக்கா போதகரின் பட்டறையில் நுழைந்தாள். அவர் ஒரு குளிர்பெட்டியின் முதுகைக் கழற்றிப்போட்டு, அதன் குடலுக்குள் தலையை விட்டிருந்தார்.

"பொண்ணு வரமாட்டேங்கறா ஐயா."

தலை வெளியே வந்தது. மூக்கில் கரி. "தப்பு என் பேர்லயும் இருக்குதும்மா. முன்னால கூப்பிடறதுக்கு முந்தி அந்தப் பிள்ளையை ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்."

"அந்த விளையாட்டு சரியா, தப்பா? அதைச் சொல்லுங்க."

"தெரியலையேம்மா. நான் பாத்ததில்ல. பேய் வருதுன்னு சொன்னா. அவ அதுங்க பக்கமா, எதிர்ப்பக்கமா?"

"எதிர்ப்பக்கமாம்."

"அப்ப நம்ம கட்சிதான்" என்று சிரித்தவர், அவள் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "சரியோ தப்போ, பொறுமையா பேசித் தெரிஞ்சுக்கலாம். பேசறதுக்குப் பிள்ளை பக்கத்துல இருக்கணும்ல? உங்களுக்கு எது பயமா இருக்குது?"

அதற்கு ஜெபக்காவிடம் பதில் தயாராக இருந்தது. ஆனால் வாயில் வந்தது வேறு. "அவ ரூமுல சத்தமே இல்ல ஐயா. அதுதான் பயமா இருக்குது."

சனிக்கிழமை பிற்பகல் மழை பிடித்துக்கொண்டது. சமையலறைத் தகரக் கூரையில் கல்லைக் கொட்டுவது மாதிரி ஓர் இரைச்சல். கணவர் வண்டியில். மகள் கடையிலிருந்து இன்னும் வரவில்லை. ஜெபக்கா துடைப்பத்தோடு மகளின் அறைக்குள் போனாள். கொம்பன் சுவரைப் பார்த்தபடியே நின்றுகொண்டிருந்தான். அவள் போன வாரம் திருப்பி வைத்தது. யாரும் முன்பக்கம் திருப்பவில்லை.

ஜெபக்கா துடைப்பத்தைச் சாத்தி வைத்துவிட்டுக் குனிந்து வயரைச் சுவரில் சொருகினாள். பிடுங்கின பிடுங்கில் கெட்டுத் தொலைந்திருக்குமோ என்று பொத்தானையும் அமுக்கிப் பார்த்தாள். பெட்டி உறுமியது. திரை விழித்துக்கொண்டது. அப்பாடா என்று திரும்பும்போது, எங்கிருந்தோ மணியடித்தது. தொலைபேசியில் வருவதைப் போலத் திரையில் ஒரு பச்சைப் பொத்தான் துடித்தது. பக்கத்தில் ஓர் ஆமையின் படம். அவள் காது மாட்டியை எடுத்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு பச்சையை அமுக்கினாள்.

"வைத்தியச்சி! வந்துட்டீங்களா? ரொம்ப நாளா ஆளையே காணோமே!" ஓர் ஆண் குரல். வயசான குரல் இல்லை, இளம் குரலும் இல்லை.

"நான் அவ அம்மா."

அந்தப் பக்கம் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. "வணக்கம்மா. நான்... என்னை இங்க ஆமைன்னு கூப்பிடுவாங்க. அவங்க நல்லா இருக்காங்களா? அன்னைக்குப் பாதியில போயிட்டாங்க. என்னாலதானோன்னு இருந்துச்சு. நான்தான் அங்க விழுந்து கிடந்தேன்."

"உங்களால இல்ல. வயரை நான்தான் பிடுங்கினேன்."

"ஓ! அப்ப என்னைக் கொன்னது நீங்கதானா?"

அவன் சிரித்தான். ஜெபக்காவுக்கு, இவன் யார், இவனோடு நான் என்ன பேச்சு என்று ஒரு பக்கம் தோன்றினாலும், வாய் சும்மா இருக்கவில்லை. "நீங்க ஏன் எப்பப் பாத்தாலும் விழறீங்க?"

"கேடயம் பிடிக்கிறவன் நான்தானேம்மா, எல்லா அடியும் எனக்குத்தான். அதோட நான் ரொம்ப மெதுவு. இவனை வச்சுக்கிட்டு ஜெயிக்கவே முடியாது, கழட்டி விட்டுடலாம்னு மத்தவங்க சொன்னாங்க. அவரைக் கழட்டிவிட்டா நானும் வரலன்னுட்டாங்க உங்க பொண்ணு. நான் விழுந்தா மத்தவங்க பரிசுப் பெட்டியைப் பாத்து ஓடுவாங்க. அவங்க மட்டும் திரும்பி வருவாங்க. அதனாலேயே எத்தனையோ ஆட்டம் தோத்திருக்கோம்."

மழை வலுத்தது. ஜெபக்கா மாட்டியைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"என்ன வேலை பாக்கறீங்க?"

"கிடங்குல பெட்டி தூக்கற வேலை. தூக்கித் தூக்கி..." மழை இரைச்சல் அந்த இடத்தில் ஒரு சொல்லை அடித்துக்கொண்டு போனது. "...போயிடுச்சும்மா. இப்ப வீட்டோட கிடக்கேன். தனி ஆள்தான்."

நாள் முழுக்க நின்று வேலை செய்கிறவளுக்கு வலி என்றால் ஒரே இடம்தான். "முட்டி வலியா? நரக வேதனையாச்சே" என்றாள். அவனுக்கும் சரியாகக் கேட்கவில்லை போல, "ஆமாம்மா" என்றான்.

"அவங்க ஒரு சட்டம் வச்சிருக்காங்க. தெரியுமா உங்களுக்கு?" என்று அவனே தொடர்ந்தான். "ஆட்டம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒவ்வொருத்தரா சாப்டாச்சான்னு கேப்பாங்க. இல்லன்னா ஆட்டம் கிடையாது. ஒரு தடவை சாப்டேன்னு பொய் சொன்னேன். குரலை வச்சே கண்டுபிடிச்சிட்டாங்க. அன்னையிலிருந்து தினமும் அவங்களுக்குப் பயந்துக்கிட்டு முட்டையாவது அவிச்சிடுவேன்."

ஜெபக்கா மகளின் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"எல்லாரும் சாப்டாச்சுன்னதும், 'ஒரு நிமிஷம்'னு சொல்லிட்டுக் குரலை அணைச்சிடுவாங்க. அந்த ஒரு நிமிஷம் என்ன பண்றாங்கன்னு நாங்களும் கேட்டதில்ல. திரும்பி வந்து, 'சரி, போலாம்'பாங்க." அவன் தொண்டையைச் செருமினான். "அம்மா, அவங்க இனிமே வரமாட்டாங்களா?"

அந்த ஒரு நிமிஷம் எது என்று ஜெபக்காவுக்குத் தெரியும். சாப்பிட்ட பிறகு வருகிற நிமிஷம் அந்த வீட்டில் ஒன்றே ஒன்றுதான். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இன்னைக்கு நீங்க சாப்டீங்களா?"

"முட்டை இருக்குதும்மா."

"இருக்குதுன்னா? அவிச்சாச்சா?"

"இல்ல. இந்த ரெண்டு வாரமா... யாரும் கேக்கலையா, அப்படியே விட்டுட்டேன்."

"எந்திரிங்க" என்றாள் ஜெபக்கா. விரிப்பின் மறுமுனையை யாராவது நழுவவிட்டால் அவளுக்கு வருமே, அந்தக் குரல். "எந்திரிச்சுப் போய் அடுப்பைப் பத்த வைங்க. மெதுவா போங்க, அவசரம் இல்ல. நான் இங்கயே இருக்கேன்."

நாற்காலி கிறீச்சிட்டது. கால்கள் இழுத்து இழுத்து நடந்தன. பாத்திரம் ஒன்று விழுந்தது. குழாய் திறந்தது. எங்கோ ஒரு தெருவில், எந்த வீடோ, அங்கே தண்ணீர் கொதிக்கிற வரைக்கும் ஜெபக்கா மகளின் நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

மாட்டியைக் கழற்றிவிட்டு வெளியே வந்தபோது நடையில் ஒரு குடை விரித்து வைக்கப்பட்டிருந்தது. அதிலிருந்து வடிந்த தண்ணீர் தரையில் ஓடிக் கதவுவரை போயிருந்தது. எவ்வளவு நேரமாக அது அங்கே நிற்கிறதோ! மகள் சமையலறையில் தேநீருக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை. ஜெபக்காவும் ஒன்றும் கேட்கவில்லை. தேநீர்க் கோப்பை மட்டும் அவளுக்கும் ஒன்று வந்தது. குடித்துவிட்டுப் போய், சலவைக்கூடத்து வெள்ளைத் துணி ஒன்றை எடுத்து, கொம்பனின் கொம்பில் படிந்திருந்த தூசியைத் துடைத்து, முன்பக்கம் பார்க்கத் திருப்பி வைத்தாள்.

மறுநாள் காலை மகளின் அறைக் கதவு சாத்தியே இருந்தது. தட்டலாமா என்று கையைத் தூக்கி, இறக்கிக்கொண்டாள். கணவரோடு சபைக்கு நடந்தாள்.

பாட்டுக்குப் பிறகு, "ஜெபக்குறிப்பு உள்ளவங்க சொல்லலாம்" என்றார் போதகர். ஒருவர் மருமகளின் பிரசவத்துக்குச் சொன்னார். தையற்காரர் தன் கண் அறுவை சிகிச்சைக்குச் சொன்னார். பிறகு ஜெபக்கா எழுந்தாள். கூடம் சட்டென்று அடங்கியது. கணவர் அவள் பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"போன தடவை நான் தப்பா சொல்லிட்டேன் ஐயா. என் பொண்ணு பொய் சொல்லல. எனக்குத்தான் அந்த எழுப்புதல் என்னன்னு தெரியல. இப்பவும் முழுசா தெரியாது. அந்தப் பேய் பிசாசெல்லாம் எனக்குப் பிடிக்கல, அதையும் சொல்லிடறேன். ஆனா அங்க ஒருத்தர் இருக்காரு. தனி ஆளு. அவருக்காக ஜெபிக்கணும்."

"சொல்லுங்கம்மா. பேரு?"

"ஆமை."

பின்வரிசையில் ஏதோ கிளம்பப் பார்த்தது. போதகர் நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தார். அது அங்கேயே அமுங்கிவிட்டது.

"நிஜப் பேரு தெரியாது ஐயா. முகமும் பாத்ததில்ல. பெட்டி தூக்கற வேலை. ஆமைக்கு முட்டி வலி. நடக்கவே முடியல."

"முட்டி இல்லம்மா" என்று வாசல் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. "இடுப்பு."

ஜெபக்கா திரும்பவில்லை. திரும்பினால் அழுதுவிடுவாள். முன்னால் இருந்த பெஞ்சின் விளிம்பை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "இடுப்பாம் ஐயா" என்றாள்.

போதகர் கண்களை மூடினார்.